கேட்காமல் விட்ட ஷிப்ட்

தெய்வானை இறந்துவிட்ட செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். அவர் மகள் கலா பேசினாள். "மிஸ், அம்மா போயிட்டாங்க. விடியக்காலையிலதான். நாலு மணிக்கு எடுக்குறோம்" என்றாள். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தவர். எதிர்பார்த்த சாவுதான். ஆனாலும் ரிசீவரைக் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை. கலா அழவில்லை. "இன்னிக்கு சனிக்கிழம, ஃபெரியில கூட்டமா இருக்கும்லா. பாத்து வாங்க மிஸ்" என்று என் பயணத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். அது அவள் அம்மாவின் புத்தி.

கருமக்கிரியை அன்று கொடுக்கப்போகும் இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னவளும் கலாதான். "எல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதானே மிஸ்" என்றாள். உண்மை. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சங்கடமே அதில்தான் இருக்கிறது.

தெய்வானையைப் பிற்காலத்தில் அறிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குப் பின்னால், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது வெளியேறிய குடும்பங்கள் பலகை வீடு கட்டிக் குடியேறிய கம்பம், அதாவது ஒரு சின்னக் குடியிருப்பு, இருந்தது. அங்கிருந்த பெண்களில் பாதிப் பேர் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார்கள். தெய்வானையும் அதில் ஒருவர். ஆறாம் வகுப்பு படித்தவர், கம்பத்து மாதர் சங்கத்தின் தலைவி. நான் கடலுக்கு அந்தப் பக்கம், தீவிலிருக்கும் ஜார்ஜ்டவுனில், வெளிநாட்டு உதவி அமைப்புகளுக்கும் இங்குள்ள மக்களுக்கும் நடுவில் நின்ற ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள். கான்வென்ட் ஆங்கிலம் படித்தவள். கம்பத்துக்காரர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவதும், வெளிநாட்டார் எழுதுவதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. "உங்க தமிழு ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு மிஸ்" என்று தெய்வானை என்னைக் கேலி செய்வார்.

நாங்கள் முதலில் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். எழுபதுகளின் கடைசியில், ஐரோப்பாவிலிருந்து ஓர் அமைப்பின் அதிகாரி வந்திருந்தார். கம்பத்துப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தத் திட்டம் தயாராக இருந்தது. வரைபடம்கூட இருந்தது. தெய்வானை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "எட்டு மணி நேரம் மில்லுல துணியோட கெடக்குறோம். வீட்டுக்கு வந்தும் துணியா? எங்களுக்கு வேண்டியது ஆயாக் கொட்டக. வேலக்கிப் போற நேரத்துல புள்ளைங்கள விட்டுட்டுப் போக ஒரு எடம். என்ன வேணும்னு எங்களக் கேட்டுட்டு அப்புறமா படம் போடச் சொல்லுங்க" என்றார். நான் அதை நயமாக, இரண்டே வரியில், ஆங்கிலத்தில் சொன்னேன். தெய்வானை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் பேசினது நீளமால்ல இருந்துச்சு? நீங்க சொன்னது குட்டையா இருக்கே மிஸ்." எனக்கு முகம் சிவந்துவிட்டது. மறுபடி முழுதாகச் சொன்னேன். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார். தையல் போய் ஆயாக் கொட்டகை வந்தது.

அந்தக் கம்பத்தில் எந்த முடிவும் ஒரே கூட்டத்தில் எடுக்கப்படாது. ஆலையில் மூன்று ஷிப்ட். ஆகவே ஒரே விஷயத்துக்கு மூன்று கூட்டம். காலை ஷிப்ட் பெண்களுக்குச் சாயங்காலம், மாலை ஷிப்ட் பெண்களுக்கு முற்பகல், நைட் ஷிப்டுக்கு விடிந்ததும். நைட் ஷிப்டில் பதினோரு பேர். பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்று அந்த ஷிப்டையே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். காலை ஆறேகாலுக்கு ஆலை வேன் அவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். டிபன் கேரியரோடு நேராகத் தெய்வானையின் குசினிக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றபடி, கண்கள் செருகப் பேசுவார்கள். சில நாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். இதற்காக நான் ஜார்ஜ்டவுனில் ஐந்து மணி ஃபெரியைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஷிப்ட் ஒத்துக்கொண்டால் போதாதா என்று ஒருநாள் முனகினேன். "தூங்குறவங்கள சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது மிஸ்" என்றார் தெய்வானை. பிறகு எனக்கும் ஒரு கிளாஸ் தேநீர் ஊற்றினார்.

இனி எழுதப்போவதை இந்த மலரில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

கொட்டகை கட்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கோயிலுக்குப் பின்னால், சின்னது, மேடும் பள்ளமுமானது. இன்னொன்று மெயின் ரோட்டுப் பக்கம், ஒரு தொழிற்சாலையின் லோங்காங் ஓடும் காலி நிலம். சாக்கடைதான் என்றாலும் சிமெண்டு போட்ட சாக்கடை, பெரிய இடம், பஸ்ஸுக்குப் பக்கம். எந்த இடம் என்று முடிவுசெய்து அந்த அமைப்புக்குத் தாள் அனுப்ப வேண்டிய வாரத்தில் தெய்வானையின் தகப்பனார் கூலிமில் இறந்துபோனார். சாவுக்குப் புறப்படும்போது தெய்வானை என் கையைப் பிடித்து, "மூணு கூட்டத்தையும் நீங்களே நடத்திருங்க மிஸ். எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றார். நான் இரண்டு கூட்டங்களை நடத்தினேன். இரண்டிலும் ரோட்டுப் பக்கத்து நிலம் என்றே சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்துக்குப் போகவேண்டிய காலையில் மழை கொட்டியது. மழையால் போக முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் ஃபெரி ஓடியது. நான்தான் அலாரத்தை அமுக்கிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். எப்படியும் அவர்கள் தேநீர் குடித்துவிட்டுச் சரி என்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றே அலுவலகத்தில் உட்கார்ந்து, மூன்று ஷிப்டும் சம்மதம் என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.

தெய்வானை திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நைட் ஷிப்ட் என்ன சொன்னாங்க மிஸ்?"

"சரின்னாங்க" என்றேன்.

கம்பமே திரண்டு கொட்டகையைக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் பலகை அடித்தார்கள், பெண்கள் மண் சுமந்தார்கள். நீலப் பெயின்ட் அடித்தோம். காலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் ஐந்தரைக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். முதல் வாரம் ஒரு காரமான வாடை வந்தது. புதுப் பெயின்ட் என்று நினைத்தோம். மூன்றாம் வாரம் பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது, இருமல் வந்தது. பார்வதி என்ற பெண்ணின் பதினொரு மாதக் குழந்தைக்கு மூச்சு இழுத்து, பட்டர்வொர்த்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு வாரம் கிடந்து பிழைத்தது. ஆனால் அந்த இழுப்பு அதை விட்டுப் போகவில்லை. பார்வதி வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள்.

விஷயம் என்னவென்றால், அந்தத் தொழிற்சாலை தன் கழிவுநீரைப் பகலில் திறந்துவிடாது. விடியற்காலை ஐந்தரைக்கு மேல் திறந்துவிடும். ஆவி பறக்க ஓடி, எட்டு மணிக்குள் சுவடே இல்லாமல் போய்விடும். பகலில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சாக்கடை. வேனிலிருந்து இறங்கி அந்தக் குறுக்குப் பாதையில் நடந்து வந்த பதினோரு பேருக்கு மட்டும்தான் அது தெரியும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நைட் ஷிப்ட் ராசம்மா எழுந்து நின்றார். அவர் அதிகம் பேசாதவர். "அந்த லோங்காங் பக்கமா வரும்போது நாங்க முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் வருவோம். எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம். யாரும் கேக்கலயே" என்றார். தெய்வானையின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு பார்வை. அதில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் குனிந்து என் பையைத் துழாவினேன். தெய்வானை கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "என் தப்புதான். நான்தான் அவசரப்பட்டு, நைட் ஷிப்ட கேக்க வேணாம்னு மிஸ்கிட்ட சொல்லிட்டு ஊருக்குப் போனேன்." அன்றே அவரைத் தலைவி பதவியிலிருந்து இறக்கினார்கள். ஒருவர் அவரை நோக்கிக் காறித் துப்பினார். அவர் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டி வைக்க உதவினார்.

பட்டர்வொர்த் ஃபெரித் துறைவரை அவர் என்னோடு நடந்து வந்தார். வழியெல்லாம் நான் அழுதேன். ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். "உங்களக் காப்பாத்துறதுக்கு இல்ல" என்றார். "இவங்ககிட்ட உங்களக் காட்டிக் குடுத்தா நாளைக்கு உங்கள கம்பத்துக்குள்ளயே விடமாட்டாங்க. அப்புறம் அந்த லோங்காங் ஃபேக்டரிக்கும் முனிசிபலுக்கும் எங்களுக்காக இங்கிலீஷ்ல யாரு எழுதுவா? எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னிக்கே சொல்லியிருப்பேன்." கொஞ்ச தூரம் போனதும், "நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க மிஸ். பார்வதி புள்ள முகத்த என்னால மறக்க முடியல" என்றார். டிக்கெட் வரிசையில் நின்று, பசியாறாமல் போகாதீங்க என்று பக்கத்துக் கடையில் எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. அந்த வெளிநாட்டு அமைப்பு, மூடவேண்டிவந்த கொட்டகையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மூன்று ஷிப்ட் கூட்டத்தைப் பற்றி மட்டும் எழுதியது. மக்களே முடிவெடுக்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி என்று, தெய்வானையின் படத்தோடு. அதைப் பற்றிப் பேச என்னை அயல்நாடுகளுக்கு அழைத்தார்கள். நானும் போனேன். குளிர்சாதன அறைகளில் நின்று, தூங்குகிறவர்களைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்று பேசினேன். கை தட்டினார்கள். அதே சமயம் இங்கே, கோயிலுக்குப் பின்னால், எந்த அமைப்பின் துணையும் இல்லாமல் கம்பத்துக்காரர்களே இரண்டாவது கொட்டகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் ஆனது. பதவியில்லாத தெய்வானை அங்கே மண் சுமந்தார்.

அந்தக் கொட்டகையைப் பற்றிக் கேள்விப்பட்டு, கடல் தாண்டி அடுத்த நாட்டில், மேடானில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஆள் சொல்லி அனுப்பின. அவர்களுக்கும் ஒன்று வேண்டும், வந்து சொல்லிக் கொடுக்க முடியுமா என்று. அந்த வேலைக்கு நிபுணர் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் கையை விரித்தார்கள். தெய்வானையும் இரண்டு பெண்களும் தாங்களாகவே கப்பல் ஏறினார்கள். தாள்கள் நிரப்ப என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கூடியிருந்தவர்களிடம் தெய்வானை எங்கள் வெற்றியைச் சொல்லித் தொடங்கவில்லை. "எங்க ஊர்ல நாங்க ஒரு தப்பு செஞ்சோம். ராத்திரி வேலக்கிப் போறவங்களக் கேக்கல. ஒரு புள்ள சாகப் பாத்துச்சு. இங்க ராத்திரி வேலக்கி யாரு போறா, மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க" என்றார். பாசாரில், ராத்திரிச் சந்தையில், காய்கறி இறக்கும் பெண்கள் வந்தார்கள். அவர்கள் சொன்ன பிறகு அங்கே இடம் மாறியது. அவர் 'நாங்க' என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் வந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவரோடு பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அவர் அந்தப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை என்று வெளியே வந்து கலாவிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

சவ ஊர்வலம் புறப்படும் நேரத்தில் ராசம்மா என் அருகில் வந்து நின்றார். இப்போது அவருக்கு ஒரு கண் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்ல மனுஷி மிஸ். எங்களுக்காக எவ்வளவோ செஞ்சாங்க. ஆனா அன்னிக்கு எங்கள ஒரு வார்த்த கேக்காம விட்டுட்டாங்களே. அது ஒண்ணுதான் மனசுல நிக்கிது" என்றார்.

நான் தலையாட்டினேன். தெய்வானையைப் பத்தடி தூரத்தில் பாடையில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவரிடமிருந்து தைரியத்தைப் பெற்றோம், நேர்மையைப் பெற்றோம் என்று இந்த மலரில் பலர் எழுதியிருப்பீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை. அவர் இத்தனை வருடம் தன் பெயரில் வைத்திருந்த பழி என்னுடையது. அவர் போன பிறகும் அது அவர் மேலேயே கிடக்கிறது. அதை நான் வாங்கிக்கொள்கிறேன். அவருடையது என்று இனி என்னிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். இதைப் படித்த பிறகு நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

ராசம்மாவுக்கு எழுத்து தெரியாது. கலா, இந்தக் கடைசி வரியை மட்டுமாவது அவருக்கு வாசித்துக் காட்டு. ராசம்மா, தெய்வானை உங்களையும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார், கேட்காமலே விட்டு, கேட்டாயிற்று என்று அவரிடம் பொய் சொன்னவள் நான்.