குரோட்டன்ஸ் அடியில் மின்னியது

கனடாவிலிருந்து அக்கா வீடியோ அழைப்பில் தன் வீட்டு வாசல் மேப்பிள் மரத்தைக் காட்டினாள். எந்தப் பனியையும் தாங்குமாம். இலையெல்லாம் செக்கச்செவேலென்று இருந்தது. எனக்கு அப்பாவின் குரோட்டன்ஸ் செடி ஞாபகம் வந்தது.

திருவட்டாறில் சிநேகிதர் வீட்டிலிருந்து கம்பு ஒடித்து வந்து அப்பா அதை முற்றத்தில் நட்டார்.

"காய்க்காத செடிய எதுக்குக் கொண்டு வந்திய? ஒரு முருங்க வச்சா கறிக்காவது ஆகும்லா," என்றாள் அம்மா.

"பாக்கதுக்கு அழகா இருக்கும்லா," என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் மத்தியானம் என்றாலே மீன் கழுவிய தண்ணீரின் கவிச்சிதான். அது தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். ஆனாலும் அந்தக் கோடையில் குரோட்டன்ஸ் தளதளவென்று சிவந்தது. தன் கைராசி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒருநாள் உருண்டுபோன பந்தை எடுக்கக் குனிந்தபோது, செடியின் அடியில் சாளை மீன் செதில்கள் மின்னின.

"அப்பாட்ட சொல்லாதலே," என்று மீன் கழுவிய சட்டியோடு பின்னால் வந்த அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"மரம் நல்லா வந்திருக்கே அக்கா, என்ன உரம் போடுதே?" என்று இப்போது கேட்டேன்.

அவள் திரும்பி வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக போனை மரத்தடிக்குச் சாய்த்தாள். அங்கேயும் செதில்கள் மின்னின.

"அத்தான்ட்ட சொல்லாதலே."