பின்விளக்குக்கு ஒரு கப்ளர்

கார் கட்டியது என் பைத்தியம். அதற்குத் துணை வந்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கிண்டி எஸ்டேட்டில் தகர வேலைப் பட்டறை வைத்திருக்கிறான். பழைய ஜீப் ஒன்றின் சேசிஸை வாங்கி, அவன் வளைத்துக் கொடுத்த தகடுகளை அதன் மேல் பூட்டி, அடையாறில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவிலேயே இரண்டு வருடம் கட்டினோம். மேலே கூரை கிடையாது, மடக்குகிற தார்ப்பாய் மட்டும்தான். என் மனைவி அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழைச் சாயங்காலம், நானும் அவளும் மழையில் நின்றிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். தண்ணீர் புகுந்து பின்விளக்கு அணைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த வேன்காரனுக்கு நாங்கள் இருப்பதே தெரியவில்லை. எனக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். இன்றைக்கும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறாள். அந்த வேன்காரனை நான் திட்டாத நாள் இல்லை. கார் வேலை தொடங்கியபோது, "மழையில லைட்டு அணையாம எரியட்டும், அப்புறம் உக்கார்றேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அதனால் கப்ளர் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. விளக்கின் வயரும் வண்டியின் வயரும் வந்து சேரும் இடம் அதுதான். தண்ணீர் புகுவதும் அங்கேதான். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளில் கழற்றியது கிடைக்கும் என்றான் மச்சான். "கம்பெனி மால் மாமா, சூப்பரா கீது."

"எவனோ கழட்டிப் போட்டது நமக்கு வேணாம்டா" என்றேன்.

ஜி.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினோம். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா, வயர் நுழைகிற துளைக்குத் தனி ரப்பர் உண்டா, அழுத்தினால் 'டக்' என்று பூட்டுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நாலாவது கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், வண்டி ரோட்டுல ஓடப்போவுதா, கடலுக்குள்ள போவப்போவுதா?"

"மழை பேஞ்சா நம்ம ஊர்ல ரெண்டும் ஒண்ணுதானே" என்றேன். கடைசியில் மச்சான் பொறுக்கி எடுத்ததைத்தான் வாங்கினோம். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் பொருத்தினோம்.

அதன் பிறகு பத்து நாள் விட்டுவிட்டு மழை. சாரல் போர்ட்டிகோவில் பாதி தூரம் வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை பிடித்ததும் வண்டியை வாசலுக்குத் தள்ளி, தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நிறுத்தினோம். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். நான் விளக்கைப் போட்டேன். வலது பின்விளக்கு எரிந்தது. இடதுபக்கம் மினுக்கியது, மங்கியது, அணைந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நீ எடுத்த மால்தானேடா? ஏற்கெனவே அவ கால் போனது போதாதா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவளுடைய சொந்தத் தம்பியிடம் இதைக் கேட்டேன்.

அவன் ஈரத் தரையில் உட்கார்ந்து கப்ளரைப் பிரித்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். உள்ளே இருந்த பித்தளைப் பின்கள் பச்சை பூத்திருந்தன. ரப்பர் வளையத்தின் மேல் காய்ந்துபோன மஞ்சள் பொருக்கு, அதன் நடுவே சிவப்புக் கறை.

"மாமா, இது இன்னாது?"

சந்தனம், குங்குமம். பூஜையன்று வண்டியின் விளக்குகளைப் பலகையில் பரப்பி, ஸ்க்ரூடிரைவரிலிருந்து கப்ளர் வரை ஒன்று விடாமல் பொட்டு வைத்தது நான்தான். வாய் திறந்து கிடந்த கப்ளரில் கண்ணுக்குத் தெரிந்த இடம் அந்த வளையம். அதில்தான் வைத்தேன். மறுநாள் துடைக்காமல் அப்படியே பூட்டினேன். டக் என்று சத்தம் வந்தது, திருப்தியாக இருந்தது. காய்ந்த பொருக்கு ரப்பரைப் படியவிடாமல் தண்ணீருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மச்சான் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கி வைத்திருந்த கப்ளர்களை எடுத்து மாற்றத் தொடங்கினான். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

உள்ளே போனேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அவன் மேல தப்பில்ல. சந்தனத்த நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. "அன்னைக்கும் கெளம்பும்போது லைட்ட நீங்கதான் பாத்திருக்கணும்" என்றாள்.

ஐந்து வருடத்தில் முதல் தடவை. வேன்காரனைத் திட்டித் திட்டி நான் மூடி வைத்திருந்ததை அவள் இத்தனை நாளும் கூடவே வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். "ஆமா, நான்தான் பாத்திருக்கணும்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

வெளியே மழை விடவில்லை. மச்சான் விளக்கைப் போட்டான். இரண்டு பக்கமும் எரிந்தது. கால் மணி நேரம் பார்த்தோம். அணையவில்லை. மச்சான் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். அவள் மெல்ல நடந்து வந்து, என் தோளைப் பிடித்து ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றிப் போய் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தேன்.

"நீங்க எறங்குங்க" என்றாள், கோபமே இல்லாமல். "தம்பி ஓட்டட்டும்."

நான் இறங்கிப் போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.