காவல் கம்பெனிக்கு ஒரு காவலாளி

தொழிற்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தொப்பி இன்னும் தலையில் இருப்பது தெரிந்தது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கடலூர், முன்னால் சிதம்பரம் சாலை. ரசாயனக் கம்பெனி கேட்டில் ஷிப்டு முடித்து, சாவிக்கொத்தை ஒப்படைத்து, "இனிமே வரல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். காவலாளி ஷூ ஒரு சைஸ் சின்னது, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. இருந்தாலும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அன்று நான் நடந்தேன் என்று சொல்ல முடியாது. பாதி ஓட்டம்தான்.

காரணம் பரங்கிப்பேட்டை. முந்தின நாள் எங்கள் கேன்டீனுக்கு மீன் இறக்க வந்த குட்டியானை டிரைவர், கேட்டில் வண்டியை நிறுத்தி என்னிடம் சொல்லியிருந்தான். "மச்சான், நான் சவூதி போறேன். எங்க பாய்க்கு ஆள் வேணும். நாளன்னிக்கு விடியக்காலம் ஐஸ் கம்பெனி வாசல்ல வந்து நில்லு. ஒரிஜினல் லைசென்ஸ் கையில இருக்கணும். அதப் பாக்காம பாய் சாவியத் தொட விடமாட்டாரு. நீ வரலன்னா அடுத்த ஆளு ரெடியா நிக்கறான், பாத்துக்க."

எனக்கு லைசென்ஸ் இருந்தது. பண்ருட்டியில் பலாப்பழ லாரியில் கிளீனராகச் சுற்றி, ஓட்டக் கற்று, டெஸ்டில் இரண்டு தடவை தோற்று வாங்கியது. எட்டாவதோடு நின்றவன் நான். பள்ளிக்கூடத்துத் தாள்கள் ஒரு மழையில் கூரையோடு போய்விட்டன. அரசாங்க முத்திரையோடு என் முகம் இருந்த ஒரே பொருள் அந்த லைசென்ஸ். அது என் கையில் இல்லை. சிதம்பரத்தில், எங்களை வேலைக்கு வைத்திருந்த செக்யூரிட்டி கம்பெனியின் இரும்பு பீரோவில் இருந்தது.

வேலைக்குச் சேரும்போது ஒரு ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பத்தாவது படித்தவன் மார்க் ஷீட் கொடுத்தான். நான் லைசென்ஸ் கொடுத்தேன். அது போக, சம்பளத்தில் மாதாமாதம் அட்மின் சார்ஜ் என்று ஒரு பிடித்தம். என்னோடு கேட்டில் நின்ற நண்பனுக்கு அதை நினைத்தாலே சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

"அட்மின்னு எவனோ ஒருத்தன் இருக்கான்டா. மாசாமாசம் நம்ம காசுல சாப்புடறான். இதுவரைக்கும் மூஞ்சியக் காட்டல பாரு."

அன்று காலை நான் கிளம்பும்போதும் கேட்டுக்குள் நின்று கத்தினான். "போ மச்சான், போ! அட்மினப் பாத்தா நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு!"

பேருந்தில் நின்றுகொண்டே போனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் ஜன்னலில் ஓடின. பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் சாலையைப் பார்த்ததும் இறங்கிவிடலாமா என்று கால் பரபரத்தது. நாளைக்கு இதே சாலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வருவேன் என்று நினைக்க நினைக்க, பசிகூடத் தெரியவில்லை.

கம்பெனி அலுவலகம் தெற்கு வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் மேஜர் என்போம். பட்டாளத்தில் இருந்தாரா என்று யாருக்கும் தெரியாது. மீசை இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

"நின்னுட்டியா? சரி. ரிலீவிங் அட்மின் சார்ஜ் கட்டிட்டு வாங்கிட்டுப் போ" என்றார். தொகையைச் சொன்னார். என் சட்டைப் பையில் இருந்தது பேருந்துக் காசு. கடைசி மாதச் சம்பளமோ அடுத்த மாதம்தான் வரும்.

"எதுக்கு சார் அது?"

"எதுக்கா? ஃபைலத் தேடணும். எடுக்கணும். என்ட்ரி போடணும். எல்லாம் சும்மா நடக்குமா?"

"பீரோ உங்க முதுகுக்குப் பின்னாலதான சார் இருக்கு. நானே தேடி எடுத்துக்கறேன். தேடற கூலி மிச்சம்."

மூலையில் கணினி முன்னால் இருந்த அலுவலகப் பெண் சட்டென்று குனிந்து எதையோ பொறுக்கினாள். கீழே எதுவும் விழுந்திருக்கவில்லை.

மேஜருக்கு முகம் சிவந்தது. "வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. காசு இருந்தா பேசு. இல்லன்னா யூனிஃபாரத்தக் கழட்டி வச்சுட்டு வெளிய நட."

"யூனிஃபாரத்துக்கு மூணு மாசம் புடிச்சீங்க சார். தொப்பிக்குத் தனியா, விசிலுக்குத் தனியா. கழட்ட மாட்டேன். இது என்னுது."

மேஜர் கதவைக் கைகாட்டினார்.

கீழே இறங்கி, படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்தேன். கடனாகக் கேட்க அந்த ஊரில் யாரையும் தெரியாது. போலீசுக்குப் போனால் யார் காலைப் பிடிப்பது, என்னவென்று எழுதிக் கொடுப்பது என்றும் தெரியாது. ஒரு வேலையிலும் நிலைத்து நின்றவனில்லை நான். வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். அன்று போக முடியவில்லை. போக வேண்டிய ஊருக்கான டிக்கெட்டே மேலே பீரோவில் கிடந்தது.

அப்போதுதான் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும், கையில் பிளாஸ்டிக் கவர். என்னைப் பார்த்ததும் செருப்பை ஓரமாகத் தேய்த்து மண்ணைத் தட்டி, நேராக நின்றான்.

"சார், செக்யூரிட்டி இன்டர்வியூ மேலயா சார்?"

என்னை வாழ்க்கையில் அதிகம் பேர் சார் என்று கூப்பிட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அன்று திங்கட்கிழமை, ஆள் எடுக்கும் நாள். உடம்பில் கஞ்சி போட்ட நீலச்சட்டை, தோளில் பட்டை, கழுத்தில் விசில் கயிறு. ஊருக்கெல்லாம் காவல் அனுப்பும் கம்பெனி, தன் வாசலில் ஒரு ஆளைப் போட்டு வைக்கவில்லை. அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. எழுந்தேன். தொப்பியை வைத்தேன். பெல்ட்டை இழுத்து விட்டேன்.

"எங்கேர்ந்து வரீங்க? என்ன விஷயமா?" என்றேன். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே கேள்விகள், அதே குரல்.

"காடாம்புலியூர் சார். வேலைக்கு."

"ஒரிஜினல் கொண்டாந்திருக்கீங்களா?"

"பத்தாவது மார்க் ஷீட் சார்."

"மேல கேப்பாங்க. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். வேலைய விட்டா அதத் திரும்ப வாங்க அட்மின் சார்ஜ் உண்டு. என்னுது உள்ள மாட்டியிருக்கு, அதான் நிக்கறேன். போலாம், மேல ரைட்டு சைடு."

ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. திட்டவில்லை. அவன் மாடியைப் பார்த்தான், கவரைப் பார்த்தான், எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போய்விட்டான். அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். அதே கேள்வி, அதே பதில். ஒருவன் மேலே போனான், மற்றவன் டீக்கடைக்குப் போனான். வெயில் ஏற ஏற டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. டீக்கடைக்காரருக்கு ஒரே குஷி. கேட்காமலே எனக்கு ஒரு டீயும் பன்னும் அனுப்பினார்.

"தெனம் வந்து நில்லுய்யா!" என்று அங்கிருந்தே கூவினார்.

ஆள் வரவில்லையே என்று மேஜர் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"டேய்! அங்க என்னடா பண்ற?"

"டூட்டி சார்!" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். டீக்கடையே சிரித்தது. பாத்திரக் கடைக்காரரும் வெளியே வந்து நின்றார். மேஜர் கீழே வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று காத்திருந்தேன். என்னைத் தள்ள ஒரு செக்யூரிட்டியைத்தான் கூப்பிட வேண்டும். அவருடைய ஆட்கள் எல்லோரும் கடலூரிலும் நெய்வேலியிலும் யாருக்கோ காவல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் படியிறங்கும் சத்தமும் கேட்டது. அதே நேரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நிறுத்த இடமில்லாமல் திணறியது. கை தானாக விசிலுக்குப் போனது. ஊதினேன். ஷேர் ஆட்டோவை முன்னால் தள்ளச் சொன்னேன், இரண்டு சைக்கிளை நானே நகர்த்தினேன். 'வா வா வா' என்று பின்னால் வாங்கச் சொல்லி, காரைச் சுவரோடு சுவராக நிறுத்தி, கதவைத் திறந்து சல்யூட் வைத்தேன். இறங்கியவர் வெள்ளை வேட்டி, பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலை நடத்துபவர். பாதிப் படியில் நின்றுவிட்ட மேஜரை அண்ணாந்து பார்த்தார்.

"பரவால்லயே சார், வாசல்லயே நல்ல ஆளாப் போட்டிருக்கீங்க. இதே மாதிரி ஆறு பேர் குடுங்க. இவனையும் சேத்துக் குடுத்தாலும் சரி."

மேஜர் சிரிக்க முயன்றார். மீசை மட்டும் அசைந்தது. "ஆமா சார்... நம்ம ஆளுதான்."

முந்திரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "எத்தன வருசமா இருக்க தம்பி?"

மேஜர் அவர் தோளுக்கு மேலிருந்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்தால் பிறகு கொடுத்துவிடுவார் என்றும் தோன்றியது, கொடுக்கமாட்டார் என்றும் தோன்றியது. அந்தப் பிறகு என்பதை நம்பி நான் நிறைய ஊர்களில் நின்றிருக்கிறேன்.

"காலையிலயே வேலைய விட்டுட்டேன் சார். என் லைசென்ஸ் மேல பீரோவுல இருக்கு. அட்மின் சார்ஜ் கட்டுனாத்தான் குடுப்பாங்களாம். நாளைக்கு வண்டி ஓட்டப் போகணும். அதுவரைக்கும் நின்னுட்டு இருக்கேன்."

முந்திரிக்காரர் என் மேல் இரக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு எதையோ யோசித்தார்.

"அட்மின் சார்ஜா? எனக்கு அனுப்புன கொட்டேஷன்லயும் ஒரு அட்மின் சார்ஜ் போட்டிருக்கீங்களே சார். ஆளுக்கு இவ்ளோன்னு. அது என்னா அப்ப? எங்கிட்டயும் வாங்கி, அவன்கிட்டயும் வாங்குவீங்களா?"

"அது வேற கணக்கு சார், வேற ஹெட்டு..."

"என்னா ஹெட்டு? ஒரே தலைக்கு ரெண்டு தொப்பியா?"

டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள். மேஜர் மாடியைப் பார்த்து அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டார். கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் படியில் நின்றாள். கையில் என் லைசென்ஸ். ஃபைல் தேட நேரமே ஆகவில்லை. அதற்கு அடியில் இன்னொரு தாளும் இருந்தது. அன்று காலை என்னைத் தாண்டி மேலே போன அந்த ஒருவனின் மார்க் ஷீட். அவன் பின்னாலேயே வந்து, "எனக்கும் குடுத்துடுங்க மேடம், யோசிச்சு வரேன்" என்றான்.

முந்திரிக்காரர் மாடியேறினார். தன் கொட்டேஷனில் இருந்த சார்ஜை அடிக்கத்தான் போகிறார் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. மேஜர் என்னைத் தாண்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் கடைசி மாசச் சம்பளத்த எப்படி வாங்கறன்னு பாக்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அது எனக்கு வரவேயில்லை. கேட்டில் நின்ற என் நண்பனின் மார்க் ஷீட்டும் அந்த பீரோவிலேயே இருந்துவிட்டது. பிறகு அவனே போய் அந்த வாசலில் நின்று பார்த்தான் என்றும், அதற்குள் மேஜர் கீழே ஒரு வாட்ச்மேனைப் போட்டிருந்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

லைசென்சைச் சட்டைப் பையில் வைத்தேன். ஐந்தடிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், பேருந்துக் காசு போக மிச்சமிருந்த சில்லறையில் ஒரு நகல் எடுத்தேன்.

மறுநாள் விடியும்போது பரங்கிப்பேட்டை ஐஸ் கம்பெனி வாசலில் நின்றேன். மாற்றுச் சட்டை இல்லாததால் அதே நீலச்சட்டைதான், தோளில் இருந்த பட்டையை மட்டும் பிய்த்திருந்தேன். பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு ஐஸை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்கள்.

"என்னா தம்பி, போலீஸ் மாதிரி வந்து நிக்கிற? ஆளுங்க ஓடறானுங்க பாரு" என்றார் பாய். லைசென்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவ்ளோ முடி இருந்துச்சா உனக்கு? சரி, இது எங்கிட்ட இருக்கட்டும்."

நான் ஜெராக்ஸை நீட்டினேன். "இத வச்சுக்கோங்க பாய். அது எனக்கு வேணும்."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பின்னால் ஐஸ் உருகிப் பெட்டிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சிதம்பரம் மார்க்கெட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லைசென்சை என் பையிலேயே செருகிவிட்டு, ஜெராக்ஸை நான்காக மடித்துக்கொண்டார்.

"பிஸ்மில்லான்னு எடு வண்டிய" என்று சாவியைத் தூக்கிப் போட்டார்.