மெதுவாக ஓட வேண்டிய மஞ்சள் கார்: ஸ்கீவ பக்கம் ஒரு பேனிங் நாள்

மே மாதம் நான் எடுத்த கார்ப் பந்தயப் படங்களைப் பார்த்துவிட்டுச் சுகந்தி அக்கா சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். "வடிவாத்தான் கிடக்கு, தங்கச்சி. ஆனா காரை நிப்பாட்டிப்போட்டு எடுத்த மாதிரியெல்லோ இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கேமராவும் லென்ஸும் வாங்கிய விலையை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அக்கா சொன்னது உண்மை. ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்து எடுத்திருந்தேன். சக்கரத்தின் ஆணி வரை தெரிகிறது, தெறித்த கல் காற்றில் அப்படியே நிற்கிறது, கூடவே காரும் நிற்கிறது. ஓடுகிற வண்டி ஓடுவதுபோல் தெரிய வேண்டுமென்றால் ஷட்டரை மெதுவாக்கி, வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். வண்டி தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழும். இதற்குப் பெயர்தான் பேனிங். ஜூன் முழுக்க, டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க்கில் எங்கள் வீட்டு முன்னால் போகும் பஸ்களை வைத்துப் பழகினேன். டிரைவர்கள் என்னைப் பார்த்துக் கையசைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

சுகந்தி அக்காவை ஸ்கீவயில் ஒரு பிறந்தநாள் விருந்தில்தான் முதலில் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைகள் இருவரும் படிக்க கோபன்ஹேகன் போன பிறகு, கணவர் நேசன் அண்ணாவோடு சேர்ந்து அவர் கையிலெடுத்த பொழுதுபோக்கு கார்ப் பந்தயம். டேனிஷில் ஃபோல்கரேஸ் என்பார்கள். பழைய காரின் கண்ணாடி, சீட்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, சரளை மண் தடத்தில் ஓட்டுகிற எளியவர்களின் பந்தயம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. காலை 6:40க்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். நீபே வழியாகத் தெற்கே இறங்கி, விர்க்சுண்டில் தண்ணீரைத் தாண்டி, பந்தயத் திடல் வரை 104 கிலோமீட்டர். நடுவில் ஒரு டிராக்டர் பின்னால் பதினைந்து நிமிடம் ஊர்ந்ததையும் சேர்த்து 8:20க்குப் போய்ச் சேர்ந்தேன். நுழைவுக் கட்டணம் 80 குரோனர், பார்க்கிங் இலவசம், அதாவது அறுவடை முடிந்த வயல். ரயிலில் ஸ்கீவ வரை வரலாம், ஆனால் அங்கிருந்து திடலுக்கு 12 கிலோமீட்டர், சனிக்கிழமை பஸ் கிடையாது.

அக்கா ஓட்டும் மஞ்சள் கார் ட்ரெய்லரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நீல ஓவரோல் போட்ட நேசன் அண்ணா என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தங்கச்சி, இண்டைக்கு இவ மெதுவாத்தான் ஓடுவா. சொல்லிப்போட்டன்."

நூற்றுநாலு கிலோமீட்டர் வந்தது மெதுவாக ஓடும் காரைப் படமெடுக்கவா? முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அண்ணா விளக்கினார். இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயம் முடிந்ததும் ஓடிய கார் எதுவானாலும் யாரும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, நல்ல சைக்கிள் ஒன்றின் விலைகூட வராது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டால் சீட்டுக் குலுக்கல். காசு கொட்டி யாரும் பெரிய கார் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

"போன முறை இவ மூண்டாவதா வந்தவ. அப்பவே நாலு பேர் வந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தவங்கள். இண்டைக்கும் வடிவா ஓடினா காரைக் கொண்டுபோயிடுவாங்கள்."

போனால் இன்னொன்று செய்யலாமே என்று நான் கேட்டேன். அவர் வலது தோளைத் தடவினார். மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பலகை தூக்கிய தோள். இனி வெல்டிங் வேலையெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போன குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் இருவரும் கராஜில் நின்று செய்த கார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டதே அங்கேதான் என்று அக்கா என்னிடம் முன்பு சொல்லியிருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகவே ஓடட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நிற்க வேண்டிய இடம் பற்றி. வளைவில் நிற்காதீர்கள். வண்டி உங்களுக்கு நேர் குறுக்கே போகும் நேர்த்தடத்தின் நடுவில் நில்லுங்கள், காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் புழுதி முழுவதும் லென்ஸில்தான். கால் விரல்கள் படம் எடுக்கப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கி, அது வர வர அவிழ்க்க வேண்டும். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். முக்கியமாக, ஷட்டரை அமுக்கியதும் நிறுத்தாதீர்கள். விட்ட பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். நான் பஸ்களிடம் தோற்றது முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

பெண்கள் பிரிவில் ஏழு கார்கள். அதனால் காலைச் சுற்றுகள் யார் எந்த வரிசையில் நிற்பது என்பதற்கு மட்டும், மாலை இறுதிச் சுற்றில் ஏழுமே ஓடும். 10:30க்கு முதல் சுற்று. அண்ணா சொன்ன சொல் மாறாமல் அக்கா கடைசியில் உருண்டு வந்தார். வேகம் குறைந்தால் ஷட்டரையும் குறைக்க வேண்டும், எனவே 1/30. மூன்றாம் முறை கடந்தபோது சிக்கியது. காரும், கண்ணாடிக்குப் பதில் ஜன்னலில் கட்டிய வலைக்குப் பின்னால் ஹெல்மெட்டுக்குள் அக்காவின் கண்ணும் பளிச்சென்று இருக்க, பின்னால் மரம், ஆள், விளம்பரப் பலகை எல்லாம் கோடாக ஓடுகின்றன. ராக்கெட் மாதிரி இருந்தது. நான் தனியாக நின்று குதித்தேன்.

மதியம் சிவப்பு சாசேஜ் (35 குரோனர், மிளகாய்த்தூள் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்) சாப்பிட்டுக்கொண்டே கேமராத் திரையைப் பெருமையாக நீட்டினேன்.

அக்கா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது பொய்யெல்லோ," என்றார். "நான் ரெண்டாம் கியரிலை உருட்டிக்கொண்டு வந்தனான். இதிலை பறக்கிறன்."

"அக்கா, ஷட்டர் ஸ்லோவா வச்சா அப்படித்தான் தெரியும். நல்லாதானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இதை வேலையிடத்திலை கொண்டுபோய் எப்பிடிக் காட்டுறது? ஓடாததை ஓடினனான் எண்டோ?"

நேசன் அண்ணா சாசேஜைப் பார்த்தபடி, "மெதுவா ஓடினாத்தான் கார் எங்களிட்டை நிக்கும்," என்றார்.

"நிண்டு?" என்று கேட்டார் அக்கா. "அடுத்த முறையும் மெதுவா. அதுக்கடுத்த முறையும் மெதுவா. அப்ப என்னத்துக்கப்பா செய்தனாங்கள்?"

அண்ணா எழுந்து டயரில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். சும்மா கிடந்த சங்கை நான்தான் ஊதிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அக்கா ஹெல்மெட்டை மாட்டும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ அதே இடத்திலை நில். நான் வாறன்."

3:15க்கு இறுதிச் சுற்று. மஞ்சள் கார் கடைசி வரிசையில். கொடி விழுந்ததும் அது போன போக்கைப் பார்த்து எனக்கு வாய் திறந்துகொண்டது. காலையில் வைத்த 1/30ஐ மாற்ற மறந்துவிட்டேன், முதல் இரண்டு முறை வந்தது வெறும் மஞ்சள் குழம்பு. அவசரமாக 1/125க்குப் போனேன். மூன்றாவது முறை ஐந்தாவதாக வந்தார், படம் வெட்டுப்பட்டது. நான்காவது முறை மூன்றாவதாக வந்தார். இடுப்பு தானாகத் திரும்பியது, விரல் தானாக அமுங்கியது. எடுத்ததைப் பார்க்கவில்லை. அக்கா இரண்டாவதாக முடித்தார்.

முடிவைச் சொன்ன அரை மணிக்குள் மூன்று பேர் மஞ்சள் காருக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் குலுக்கினார்கள். மோர்ஸ் தீவிலிருந்து வந்த இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. அவள் கத்திய கத்தலில் நானும் கைதட்டிவிட்டேன், பிறகுதான் பக்கத்தில் அக்கா நிற்பது உறைத்தது. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். "நான் அந்தப் படத்தைக் காட்டாம இருந்திருக்கலாம்" என்றேன். அக்கா தலையாட்டினாரே தவிர, ஆமாம் என்றாரா இல்லை என்றாரா என்று தெரியவில்லை.

நேசன் அண்ணா நேரே அந்தப் பெண்ணிடம் போனார். சண்டையோ என்று பயந்துவிட்டேன். இரண்டாம் கியர் எங்கே முரண்டு பிடிக்கும், இடது கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும், குளிரில் எத்தனை முறை சாவி போட வேண்டும் என்று நாற்பது நிமிடம் டேனிஷில் சொல்லிக்கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சீசன் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை, பெரும்பாலும் சனி ஞாயிறுகளில். காதடைப்பான் கட்டாயம். 70-200 லென்ஸ் தாராளமாகப் போதும். 1/250இல் தொடங்கி, கை பழகப் பழக 1/125, 1/60 என்று இறங்குங்கள். லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதிக்குப் பேனிங் முறை தனியாக இருந்தால் அதைப் போடுங்கள். வெயிலில் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்காவிட்டால் படம் வெளுத்துவிடும். அன்று நான் எடுத்தது 612 படம், தேறியது ஒன்பது. மனம் தளர வேண்டாம், இதுதான் நியாயமான கணக்கு. எதையும் திடலிலேயே அழிக்காதீர்கள்.

இந்தக் கடைசிக் குறிப்பை நானே அன்று மீறப் பார்த்தேன். நான்காவது முறை எடுத்த படம் அருமையாக வந்திருந்தது, ஆனால் பின்னால் இருந்த புல்மேட்டின் உச்சியில் ஏதோ நீலக் கறை. காலியான ட்ரெய்லர் பக்கத்தில் நின்று அழிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது இவரெல்லோ!"

நீல ஓவரோல். வேடிக்கை பார்க்கும் மேட்டில் தனியாக நின்றிருக்கிறார். நேசன் அண்ணா வந்து பார்த்துவிட்டு, "ஓம், மெதுவாப் போகச் சொல்லிக் கை காட்டினனான். இவ எங்கை கேட்டவ?" என்றார்.

அக்கா திரையைப் பெரிதாக்கிக் கீழே நகர்த்தினார். பேனிங் படத்தில் எல்லாம் பக்கவாட்டில்தான் கலையும், மேலும் கீழும் கலையாது. நீலம் ஓரிடத்தில் முடிந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் வானம். அதற்கும் கீழேதான் புல்.

"மெதுவாப் போகச் சொல்லுற ஆள் துள்ளுமோ?" என்று கேட்டார் அக்கா.

நேசன் அண்ணா ட்ரெய்லர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அந்தப் படத்தை எனக்கு அனுப்பு, தங்கச்சி," என்றார்.