அப்பா போட்ட கயிறு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு கதவை இழைத்தது. அயனி மரப் பலகை. அப்பா இழைப்புளி தள்ளினார். பலகை நகராமலிருக்க நான் மறுமுனையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி இஞ்சினியரே, அசையாம இரி. இந்த வேலைக்கு ஒனக்க படிப்பு வேண்டாம், எடை போரும்."

சிரித்தேன். பலகை ஆடியது. திட்டினார்.

கதவு எங்களுக்கில்லை, பெனினுக்கு. அவன் வீட்டு முன்கதவை நான்கு வருடம் முன்னால் கோடாலியால் பிளந்தவர் அப்பாதான்.

அப்பா பெயர் சிலுவை. கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் ஊர். கடலுக்குப் போன காலத்திலும் அவர் குடித்ததில்லை. அவருடைய அப்பா குடித்துவிட்டு வந்து துடுப்பால் அடித்ததில் அவர் அம்மாவுக்கு ஒரு காது செவிடானது. ஊரில் மதுவிலக்கு சபை தொடங்கியபோது அப்பா தலைவரானார். சபை ஜெபத்தோடு நிற்கவில்லை. பாட்டிலை உடைத்தது, ஆளையும் உடைத்தது.

சோதனைக்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். குருசடி என்னும் சிறு ஜெபக்கூடத்தின் முன்னால் மணலில் நங்கூரக் கயிற்றை நீளமாக விரிப்பார்கள். குடித்திருப்பானோ என்று சந்தேகப்பட்டவன் அதன்மேல் நடக்க வேண்டும். கால் விலகினால் முதுகில் கயிற்றடி.

பெனின் பலமுறை விலகியவன். ஒரு நாள் அவன் வீட்டுக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டான். அன்றுதான் கோடாலி. அவன் மனைவி ஸ்மிதா காலைப் பிடித்துக் கதறியும் அப்பா நிறுத்தவில்லை. வெளியே இழுத்துப்போட்டு அடித்ததில் பெனினுக்குக் கை முறிந்தது. கதவுக்குப் பதிலாக ஸ்மிதா வாசலில் ஒரு தேர்தல் பிளெக்ஸைக் கட்டித் தொங்கவிட்டாள்.

பிறகு அப்பாவின் கால்கள் தரையில் ஒட்டத் தொடங்கின. அகட்டி வைத்து, இழுத்து இழுத்து நடந்தார். திரும்பும்போது சாய்ந்தார். கட்டியிருந்த சாரத்திலேயே மூத்திரம் போனது. கேட்டதையே கேட்டார். ஊருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில், வால்வு பிரிவில் இருந்தேன். அம்மா போனில் அழுதாள்.

"மக்களே, ஒனக்க அப்பாவ கயித்துல ஏத்திட்டானுவ."

அவர் போட்ட கயிறு. அவர் வளர்த்த சபைப் பையன்கள். இரண்டாவது எட்டிலேயே விலகிவிட்டார்.

"நான் குடிக்கலலே. வேணும்னா வாய மோந்து பாருங்க."

"கிராம்பு மென்னுட்டுல்லா வந்திருக்கீரு" என்றானாம் ஒருவன். கூட்டம் சிரித்தது. முதல் அடி பெனினுடையது. சரியாகச் சேராத அந்தக் கையால்தான் அடித்தான். அப்பாவின் புருவம் பிளந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டவர்கள், தலையில் அடி என்பதால் ஸ்கேனும் எடுத்தார்கள். அடியால் ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் வீங்கியிருந்தன. அந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வடிவது குறைந்துவிட்டது. தேங்கிய நீர்தான் நடை, மூத்திரம், நினைவு மூன்றையும் நெருக்கியிருந்தது. ஹைட்ரோகெஃபலஸ் என்றார் டாக்டர். வயதானவர்களுக்கும் வரும் என்றார்.

நான் கோயம்புத்தூரிலிருந்து வந்த பிறகு, முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்ப்பதுதான் அங்கே சோதனை. மறுநாள் காலை வராந்தாவின் டைல்ஸ் கோட்டில் அப்பா நேராக நடந்தார். திரும்பினார். சாயவில்லை.

"இது சில நாள்தான் இருக்கும். ஆபரேஷன் செய்தால் நிலைக்கும்" என்றார் டாக்டர்.

அப்பாவுக்குச் சில நாள் போதுமாக இருந்தது. நான் மருந்து வாங்கிவிட்டு வருவதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஊரில் இறங்கி, கயிற்றைத் தானே விரித்து, கூட்டம் சேரும்வரை காத்திருந்து, முழு நீளமும் நடந்தார். திரும்பியும் நடந்தார்.

"பாத்தியளாலே?"

பிறகு பெனினின் வாயில் குத்தினார். அவன் முன்பற்கள் மணலில் விழுந்தன.

ஆபரேஷனில் மண்டையில் துளையிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு வால்வு வைத்தார்கள். அதிலிருந்து தோலுக்கடியில் வயிறுவரை குழாய். மிஞ்சும் நீர் வயிற்றுக்குள் வடிந்துவிடும். முதலில் அதிகமாக வடிந்தது. எழுந்து உட்கார்ந்தாலே வலி தாங்காமல் சுவரைக் குத்தினார். தோலுக்கு மேலேயே ஒரு காந்தக் கருவியை வைத்து வால்வின் அழுத்தத்தைக் கூட்டினார்கள். வலி அடங்கியது.

தலையில் அடி படவே கூடாது என்று டாக்டர் எச்சரித்தார். நீர் வடிந்த மூளை மண்டையை விட்டுச் சற்று விலகி நிற்கும். இடையிலுள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டிருக்கும். அறுந்தால் நிறுத்துவது கடினம்.

"அடி வாங்கப்பிடாது, அவ்வளவுதானே டாக்டரே? குடுக்கலாமில்லா?"

டாக்டர் சிரிக்கவில்லை.

நடை வந்தது. மூத்திரம் அடங்கியது. நினைவும் வந்தது, அதோடு கோடாலியும் நினைவுக்கு வந்தது. ஒரு மழைநாளில், ஸ்மிதா வாசலில் கட்டிலைச் சாய்த்து, காற்றில் விழாமல் முதுகால் முட்டுக்கொடுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பலகை வாங்கினார்.

"அவன்ட்ட மன்னிப்பு கேட்டாப் போராதா?" என்றாள் அம்மா.

"பல்லு போனவன் என்னத்தச் சொல்லுவான்? கதவு போடுதேன்."

நான் லீவில் வந்திருந்தபோது இழைத்து முடித்தோம். அப்பா கீல் வாங்கக் கிளம்பினார்.

"சாயங்காலம் மாட்டிரலாம். ஒராளா தூக்க முடியாது, நீயும் வா."

அவர் திரும்பி வரும் வழியில், குருசடி முன்னால் கயிறு கிடந்தது. சபைப் பையன்கள் பெனினை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது அப்பா கூட்டத்துக்குள் புகுந்திருந்தார்.

"போரும்லே. கயித்த எடு."

"நீரு போட்ட கயிறுதானே மாமா?"

"நான் போட்டதுனாலதாம்லே சொல்லுதேன்."

குனிந்து கயிற்றைச் சுருட்டினார். மணலில் குப்புறக் கிடந்த பெனின் தலையைத் தூக்கினான். கையில் கயிற்றோடு நிற்கும் சிலுவையைத்தான் அவன் கண்டான். எழுந்து, குருசடிப் படியில் பெயர்ந்து கிடந்த கல்லை எடுத்து அப்பாவின் காதுக்கு மேலே அடித்தான். மீண்டும் அடித்தான்.

பையன்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். "அடிக்காதீங்கலே" என்று அப்பா கத்திக்கொண்டே இருந்தார். நான் கார் கூப்பிட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். ரத்தம் காது வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"பாத்தியாட்டி? நேராத்தான் நடக்கேன்."

கார் வருமுன் வாந்தி எடுத்தார். நாகர்கோவில் சேர்வதற்குள் ஒரு கண்ணின் பாவை விரிந்துவிட்டது. மண்டையைத் திறந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை.

பெனின் ஜெயிலில் இருக்கிறான். ஸ்மிதா வாசலில் இப்போதும் பிளெக்ஸ்தான். அப்பாவின் துணிகளோடு கீல் பொட்டலத்தையும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். காகிதம் ரத்தத்தில் ஊறி, பிரிக்கப்படாமல் இருந்தது. கதவு எங்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தூக்கிப் பார்த்தேன். ஒராளாகத் தூக்க முடியவில்லை.