பிரியாணிக்கு முன்னால் உட்கார வைத்த ஆத்தா

எங்கள் தெரு மாரியாத்தா கோயிலில் புது மணி கட்டி, மறுநாளே அது பூசாரி சைக்கிள் மேல் விழுந்ததே, அந்த ஆடி மாதம்தான். மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. சைக்கிள்தான் போயிற்று. சரி, என் கதைக்கு வருகிறேன்.

என் பேத்தி கௌசல்யா கள்ளக்குறிச்சியில் ஓட்டல் படிப்பு படித்தாள். விருந்தாளிக்குப் பரிமாறுகிற செய்முறைப் பரீட்சையில் கை நடுங்கி, சூப்பைப் பரீட்சை வைக்கிற மேடம் மடியிலேயே ஊற்றிவிட்டாள். ஃபெயில். மறுபரீட்சைக்குத் தேதி வந்தது. "இந்த வாட்டியும் ஊத்திக்கினு வந்தா, கரும்பு வெட்ட வந்துடு" என்று என் மகன் சொல்லிவிட்டான். பிள்ளை அழுதாள். எனக்குத் தூக்கமில்லை.

எங்கள் வீட்டில் வேண்டுதல் என்றால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவோம். நிறைவேறும் வரை பச்சைத் தண்ணீர்தான். பரீட்சையன்று விடியலில் யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்தேன்.

பரீட்சைக்கு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு விருந்தாளியைக் கூட்டிவர வேண்டுமாம். அப்படிப் போக வேண்டிய மகனைக் கரும்பு ஆலையில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீயே போப்பா. சோறு துன்னுட்டு வர்ற வேலதான்" என்றான். ஆள் இல்லாவிட்டால் பரீட்சையே இல்லையாம். போனேன்.

வெள்ளைத் துணி விரித்த மேசை. கௌசல்யா என் மடியில் ஒரு துணியைப் போட்டாள். முடி வெட்டப்போகிறாளோ என்று பயந்தேன். பின்னால் மேடம் நின்றார்.

"வணக்கங்க ஐயா, சூப் எடுத்துக்கிறீங்களா?" தட்டு கடகடவென்று ஆடியது.

"வாணாம்மா."

"பிரியாணி?"

அந்த வாசனை! "வாணாம் கண்ணு."

குனிந்து காதில் சொன்னாள்: "தாத்தா, துன்னு தொல. மார்க்கு போவுது!"

சாப்பிட்டால் வேண்டுதல் போச்சு. சாப்பிடாவிட்டால் பேத்தி போச்சு. தலைக்கு மேல் கைகூப்பி, "ஆத்தா! நீயே பார்த்துக்கோ" என்று கண்ணை மூடிவிட்டேன்.

தூக்கிய கையில் சட்டை சரிந்தது. கயிறு தெரிந்தது. பிள்ளை பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கை நடுங்கவில்லை. சத்தமில்லாமல் தட்டுகளை எடுத்தாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தாள். "ஐயா விரதத்துல இருக்கீங்க. உங்க சாப்பாட்ட சூடா எடுத்து வெச்சிருக்கேன். முடிஞ்சதும் சொல்லுங்க" என்றாள்.

மேடம் கேட்டார்: "இன்னா பெரியவரே, எதனா குறையா?"

"ஒரு குறையும் இல்லீங்க. எங்க வூட்ல வாணாம்னா சண்டதான் போடுவாங்க. இது மரியாதையா தண்ணி குடுத்துச்சி."

மேடம் சிரித்தார். "விருந்தாளி மனசு தெரிஞ்சி நடக்கறதுதாம்மா இந்தப் படிப்பே. நீ பாஸ்."

"பாஸுங்களா? மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தாங்க."

"அப்ப அந்தப் பிரியாணிய எடுத்துக்கினு வா கண்ணு!"

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இரண்டாம் தட்டு கேட்டபோதும் புரியவில்லை.

இப்போது கௌசல்யா கல்வராயன்மலையில் ஒரு விடுதியில் பயிற்சியில் இருக்கிறாள். ததும்பத் ததும்ப சூப் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாளாம். கரும்பு வெட்டும் பேச்சே வீட்டில் இல்லை. முன்பெல்லாம் கஷ்டம் வந்தால்தான் கோயில் பக்கம் போவேன். இப்போது வெள்ளிதோறும் போய் வாசல் கூட்டுகிறேன்.

நம்பிக் கைதூக்குங்கள், ஆத்தா பார்த்துக்கொள்வாள். பரீட்சைக்குப் பயந்து அழுகிற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், இதைக் கொஞ்சம் போய்ச் சொல்லுங்கள்.