வயலில் ஏறிய புழு

என் கணவருக்கு மூட்டுவலி வந்தபோது, ஃபேரர் பார்க்கில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார். எல்லை தாண்டிப் போய் ஜொகூரில் வாங்கியதாம். எல்லாம் வேரும் இலையும்தான், பக்கவிளைவே இல்லை என்றார். நண்பர் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. நான் சொன்னால்தான் காதில் ஏறாது.

வலி பறந்துவிட்டது. கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுதானால் படியேறியே வந்தார். கொஞ்ச நாளில் கன்னம் உப்பி, முகம் இட்லி மாதிரி ஆனது.

“பூசினாப்ல ஆயிட்டீங்கண்ணே! அண்ணி கைப்பக்குவம் லா,” என்றார் நண்பர். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு வயிற்றுவலி, காய்ச்சல், இருமினால் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே நினைவு தப்பிவிட்டது. சளியைச் சோதித்துவிட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் டாக்டர் பெண் என்னைத் தனியே அழைத்தார்.

“ஆன்ட்டி, அங்கிள் ஊர்ல வெறுங்கால்ல மண்ணுல நடந்திருக்காரா?”

என்ன கேள்வி இது! செருப்பு போட்டுக்கொண்டா நாற்று நடுவார்கள்?

“கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் வயல்லதான் கிடந்தோம். இங்க வந்து இருபது வருஷமாச்சேம்மா.”

“அப்பவே கால் வழியா புழு உள்ள போயிருக்கு, ஆன்ட்டி. நூலைவிட மெலிசு. உள்ளேயே பெருகிக்கிட்டு எத்தனை வருஷம்னாலும் சத்தமில்லாம இருக்கும். நீங்க காட்டின அந்த மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருக்காங்க. அதனால இம்யூனிட்டி போயிடுச்சு. இப்ப லங்ஸ் ஃபுல்லா புழு. முகம் வீங்கினதும் அந்த மாத்திரையாலதான்.”

“மருந்து இல்லையா?”

“குடுத்துட்டுத்தான் இருக்கோம். ரொம்ப லேட், ஆன்ட்டி.”

அந்த வாரமே போய்விட்டார். பெட்டியில் கிடத்தியபோதும் முகம் அப்படியே இருந்தது. “சாவுலயும் என்ன களை பாருங்க,” என்றார் ஒருவர். அவர் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

காரியம் முடிந்ததும் டாக்டர் என்னையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். ஒரே வயல், ஒரே சேறு. எனக்கும் இருந்தது. வலியோ காய்ச்சலோ எதுவும் இல்லை, ஆனால் இருந்தது. சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளை என் கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். விழுங்கினேன்.

“இவ்ளோதானாம்மா?”

“இவ்ளோதான், ஆன்ட்டி. சரியாயிடும்.”

கிளமெண்டிக்கு வரும்வரை, பேருந்தில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன்.